பாலைவனத்தில் கிடந்த காற்சட்டை

‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கடைசி சீசனில் ‘ஓசிமாண்டியாஸ்’ என்று ஒரு எபிசோட். 2013 செப்டெம்பரில் வந்தது. இரசாயனவியல் வாத்தியாராக இருந்து ஐஸ் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கிய வால்டர் வைட் எல்லாவற்றையும் இழந்தபிறகு, மிஞ்சியிருக்கும் ஒரேயொரு பணப் பீப்பாயைப் பாலைவன மண்ணில் தனியாக உருட்டிக்கொண்டு போகிறான். அவன் போகிற வழியில் ஓரமாக ஒரு காற்சட்டை கிடக்கிறது. கமரா அதை நெருங்கிக் காட்டுவதில்லை, வால்டர் திரும்பிப் பார்ப்பதில்லை, பின்னால் போகிற பாட்டும் நிற்காமல் போகிறது. ஆனால் 2008 ஜனவரியில் வந்த முதல் எபிசோடின் முதல் காட்சியை ஞாபகம் வைத்திருக்கிற ஆக்களுக்குத் தெரியும், அன்றைக்கு இதே பாலைவனத்தில் காற்றில் பறந்து விழுந்த காற்சட்டை அது. கதைக் கணக்கில் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பார்த்த எங்களுடைய கணக்கில் ஐந்து வருஷத்துக்கு மேல். அவ்வளவு காலமும் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

இந்த மாதிரித் துணுக்குகளை நான் வருஷக்கணக்காகச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். சேர்க்கச் சேர்க்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே போனது. இந்தத் தொடரை எழுதிய ஆக்கள் எதையும் எறிந்ததில்லை. காசு போதாமல் போனது, நடிகருக்கு நேரம் இல்லாமல் போனது, கதை நடக்கிற ஊரையே மாற்ற வேண்டி வந்தது, பயத்தில் ஒரு பாத்திரம் உளறிய இரண்டு பெயர், எல்லாமே திரும்பக் கதைக்குள் வந்து சேர்ந்து கதையைப் பெரிதாக்கியிருக்கிறது. 62 எபிசோடையும் மறுபடி மறுபடி பார்க்க முடிவதற்குக் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கொழும்பில் நாங்கள் இதைப் பார்த்த விதமும் மறுபடி பார்க்கிற பழக்கத்துக்கு உதவியது. நெட்ஃபிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016 ஜனவரியில். அதற்கு முன்பே வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இந்தத் தொடர் வீடு வீடாகச் சுற்றிவிட்டது, முதலில் டிவிடியாக, பிறகு பென் டிரைவில், பிறகு யாரோ ஒரு நண்பரின் நண்பருடைய ஹார்ட் டிஸ்க்கில். ஒருவரிடம் மூன்றாவது சீசன் இருக்கும், இரண்டாவது இருக்காது. இருந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். பிறகு 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன மாதங்களில், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை நானும் சித்தியின் மகனும் முதலிலிருந்து தொடங்கினோம். காலி வீதிப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், சின்னத் திரை. கதை முழுக்கத் தெரிந்தபிறகு பார்க்கும்போது கண் ஓரங்களுக்குப் போகும். அந்தக் காற்சட்டையை நான் அப்போதுதான் கண்டேன்.

சரி, தொடக்கத்திலிருந்து வருகிறேன். வின்ஸ் கில்லிகன் முன்பு ‘த எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரில் எழுதியவர். அது முடிந்து வேலை இல்லாமல் இருந்த நேரத்தில், அங்கே கூட எழுதிய தோமஸ் ஷ்னாஸுடன் தொலைபேசியில் கதைக்கும்போது, இனி என்ன செய்யலாம், ஒரு வானுக்குள் ஐஸ் காய்ச்சலாமா என்று பகிடியாக வந்த பேச்சுத்தான் இந்தத் தொடரின் விதை. கதையை முதலில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாகத்தான் எழுதியிருந்தார். நியூ மெக்சிகோ மாநிலம் படப்பிடிப்புச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் என்பதால் தயாரிப்பாளர்கள் ஆல்பகர்க்கிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எடுத்துவிட்டு கலிபோர்னியா என்று காட்டலாம்தான், ஆனால் பின்னால் நிற்கிற சாண்டியா மலையை ஒவ்வொரு முறையும் மறைக்க வேண்டும். கில்லிகன் ஊரையே மாற்றிவிட்டார். அந்த வானம், அந்தச் சிவந்த மண், எல்லைக்கு அப்பால் மெக்சிகோ, இது எதுவும் இல்லாத பிரேக்கிங் பேடை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. செலவு குறைக்கப் போன இடத்தில்தான் அது ஒரு கௌபாய்ப் படத்தின் முகத்தை எடுத்துக்கொண்டது.

நாயகன் கிடைத்த கதையும் இப்படித்தான். பிரையன் கிரான்ஸ்டனை அப்போது எல்லோரும் ‘மல்கம் இன் த மிடில்’ நகைச்சுவைத் தொடரின் அப்பாவாகத்தான் அறிவார்கள். சானல்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. கில்லிகன் 1998 இல் தான் எழுதிய ‘டிரைவ்’ என்ற எக்ஸ்-ஃபைல்ஸ் எபிசோடை எடுத்துப் போட்டுக் காட்டினார். அதில் கிரான்ஸ்டன் வெறுப்பும் இனவெறியும் நிறைந்த ஒரு மனிதன், ஆனாலும் அவன் சாகும்போது பார்க்கிறவருக்கு மனம் கனக்கும். அந்த ஒரு எபிசோட்தான் கதவைத் திறந்தது. பத்து வருஷம் பழைய வேலையைக்கூட எறியவில்லை, பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வில்லன்கள் உருவான சங்கிலி. போதை வியாபாரி டுக்கோவாக நடித்த ரேமண்ட் குரூஸுக்கு ‘த குளோசர்’ என்ற இன்னொரு தொடரில் நிரந்தர வேலை இருந்தது, டுக்கோவின் அந்த வெறிபிடித்த நடிப்பும் அவரைக் களைக்க வைத்தது. அதனால் இரண்டாவது சீசன் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டுக்கோவைக் கொல்ல வேண்டி வந்தது. பெரிய வில்லனுடைய இடம் காலி. அந்த இடத்துக்குத்தான் அமைதியாக, மேல்பொத்தான் வரை பூட்டிய சட்டையுடன், கோழிப் பொரியல் கடை முதலாளியாக கஸ் ஃபிரிங் வந்து நின்றான். ஜியான்கார்லோ எஸ்போசிட்டோவை முதலில் கூப்பிட்டது சில எபிசோடுகளுக்கு மட்டும்தான். மைக் வந்தது இன்னும் தற்செயல். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில், வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்துகிடக்கும் வீட்டுக்கு வந்து தடயங்களை அழிக்க வேண்டியவன் வக்கீல் சோல் குட்மன்தான். ஆனால் சோலாக நடித்த பாப் ஓடென்கர்க் அந்த நேரம் ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ படப்பிடிப்பில் மாட்டியிருந்தார். சரி, சோல் ஒரு ஆளை அனுப்பட்டும் என்று எழுதினார்கள். அந்த ஆளாக ஜோனதன் பேங்க்ஸ் கதவைத் தட்டினார். ஒரு நடிகருடைய நாள்காட்டி இடித்ததால் பிறந்த பாத்திரம், பிறகு இதற்கும், சோலின் கதையான ‘பெட்டர் கால் சோல்’ தொடருக்கும் தூணாக நின்றது. மைக் இல்லாவிட்டால் அந்தத் தொடர்களில் மனச்சாட்சியின் பாரம் பாதி குறைந்துபோயிருக்கும் என்பது என் எண்ணம்.

காசு முடிந்த கதை ஒன்றும் இருக்கிறது. மூன்றாவது சீசனில் பட்ஜெட் இறுகியதால், புது இடம், புது ஆள் எதுவும் இல்லாமல் ஒரு எபிசோட் தேவைப்பட்டது. ரயன் ஜான்சன் இயக்கிய ‘ஃபிளை’ அப்படி வந்தது: ஆய்வுகூடத்துக்குள் வால்டர், ஜெஸ்ஸி, ஒரு இலையான். ஒன்றுமே நடக்கவில்லை என்று இதைத் திட்டுகிற ஆக்களை எனக்குத் தெரியும், அவர்களோடு நான் நிறையவே சண்டை பிடித்திருக்கிறேன். தான் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டு நின்ற ஜேனின் சாவைப் பற்றி வால்டர் ஜெஸ்ஸியிடம் சொல்லிவிடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும் நிமிடங்கள் அந்த ஒரே அறைக்குள்தான் இருக்கின்றன. அதே ரயன் ஜான்சன்தான் மூன்று வருஷம் கழித்து ‘ஓசிமாண்டியாஸ்’ எபிசோடையும் இயக்கினார்.

எழுதுகிற ஆக்கள் தாங்களே தங்களைப் பொறியில் போட்டுக்கொண்டதும் உண்டு. 2012 இல் ஐந்தாவது சீசன் தொடங்கும்போது, ஒரு வருஷம் தள்ளிப்போய், தாடியும் தலைமுடியுமாக இருக்கிற வால்டர் காரின் பின்பெட்டிக்குள் ஒரு எம்60 இயந்திரத் துப்பாக்கியை வாங்கி வைப்பதைக் காட்டினார்கள். அது எதற்கு என்று அப்போது எழுத்தறையில் ஒருவருக்கும் தெரியாது, கில்லிகனே இதைச் சொல்லியிருக்கிறார். முடிவை அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்துகிற மாதிரித் தேடிப் பிடித்தார்கள்.

சித்தியின் மகன் அப்போது உயர்தரத்துக்கு இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தான். தொடரின் பெயரில் Br, Ba என்ற எழுத்துகளைத் தனிமக் குறியீடாகக் காட்டுகிற டைட்டில் ஓடத் தொடங்கினால் போதும், நிறுத்திவிடுவான். “அக்கா, பாருங்கோ, புரோமின் 35, பேரியம் 56, சரியாத்தான் போட்டிருக்கிறாங்கள்.” அதே டைட்டிலில் C10H15N என்ற சூத்திரமும் 149.24 என்ற எண்ணும் ஓடும், மெத்தாம்ஃபெட்டமினுடைய மூலக்கூற்று நிறை அது. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியர் டோனா நெல்சன் தொடருக்கு ஆலோசகராக இருந்தார். 2008 இல் ஒரு இரசாயனவியல் இதழில் கில்லிகனின் பேட்டியைப் படித்துவிட்டு அவராகவே உதவ முன்வந்தவர். வால்டர் காய்ச்சுவது நீலமாக இருக்கிறதே, அது உண்மையா என்று தம்பி கேட்டான். இல்லை. தூய்மையாக இருந்தால் நிறமே இருக்காது, நீலம் கதைக்காகப் பூசியது. திரையில் தெரிந்தது ஆல்பகர்க்கியில் ஒரு இனிப்புக் கடை செய்து கொடுத்த கற்கண்டு. குளியல் தொட்டியை ஐதரோபுளோரிக் அமிலம் கரைத்துத் தள்ளுகிற அந்தப் பிரபலமான காட்சியை இப்படிப்பட்ட விஷயங்களைச் சோதித்துப் பார்க்கிற ‘மித்பஸ்டர்ஸ்’ டிவி நிகழ்ச்சிக் குழு செய்து பார்த்தது, தொட்டி அசையவில்லை.

முக்கியமான இன்னொன்று, காய்ச்சுகிற முறையில் சில படிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரிகளோடு கதைத்தும் இருக்கிறார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு இந்தத் தொடரை வெறும் கற்பனையாகப் பார்க்க முடியாது. இங்கே அதன் பெயர் ஐஸ். பேப்பரை விரித்தால் ஐஸ் பிடிபட்ட செய்தி, அதோடு பிடிபட்ட பெடியனுடைய வயது. 2022 இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்றாக்கினார்கள். வால்டர் தொழிலுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஹைசன்பர்க்; அந்த ஹைசன்பர்க் தொப்பி போட்ட டீ-ஷர்ட்டை இங்கே தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஐஸுக்கு அடிமையான வென்டியும், அதே நிலையில் இருந்த ஸ்பூஜின் வீட்டில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தையும்தான். தொடர் அவர்களையும் மறக்கவில்லை. டீ-ஷர்ட் மறந்துவிட்டது.

இனி மற்றப் படங்களிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் எடுத்த விஷயங்களுக்கு வருகிறேன். இது ஆழமான கிணறு. ஒரு நல்ல பள்ளிக்கூட வாத்தியார் கொஞ்சம் கொஞ்சமாக, போதைக் கடத்தல்காரனின் படமான ‘ஸ்கார்ஃபேஸ்’ நாயகனாக மாறுகிற கதை என்றுதான் கில்லிகன் இதை ஆரம்பத்தில் விற்றார். ஐந்தாவது சீசனில் வால்டரும் மகனும் சோபாவில் இருந்து உண்மையிலேயே ஸ்கார்ஃபேஸ் பார்க்கிறார்கள், வால்டர் சிரித்துக்கொண்டே இந்தப் படத்தில் எல்லோரும் சாகிறார்கள் என்கிறான். அதைவிட நுணுக்கம் நடிகர்கள் தேர்வில் இருக்கிறது. 1983 ஸ்கார்ஃபேஸில் நாயகனின் உயிர்நண்பனாக வந்த ஸ்டீவன் பாவர்தான் இங்கே கார்ட்டெல் என்ற மெக்சிகோ போதைக் கும்பலின் தலைவன் டொன் எலாடியோ. அதே படத்தில் காருக்குக் குண்டு வைத்துவிட்டு, வெடிக்க வைக்கும் கருவியைக் கையில் பிடித்திருந்தும் அதை அழுத்த முடியாமல் செத்துப்போகிற கொலைகாரனாக வந்தவர் மார்க் மார்கோலிஸ். அவர்தான் சக்கர நாற்காலியில் மணி அடிக்கிற ஹெக்டர் சலமன்கா. 2011 இல் அந்த மணியை அடித்து, நாற்காலியில் கட்டிய குண்டை ஹெக்டர் வெடிக்க வைக்கும்போது, 28 வருஷத்துக்கு முன் அழுத்தாமல் விட்டதை அந்த நடிகர் இப்போது அழுத்துகிறார் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ என்னவோ, எனக்கு அது அப்படித்தான் படுகிறது. அந்த வெடியில் பாதி முகம் போன கஸ் நடந்து வந்து டையைச் சரிசெய்கிற காட்சிக்கு, ‘வோக்கிங் டெட்’ தொடருக்கு ஒப்பனை செய்த கிரெக் நிக்கோட்டேரோவின் குழு உதவியது.

ஹைசன்பர்க் என்ற பெயர் 1932 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் பௌதிகவியலாளருடையது, அது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது வால்ட் விட்மன். ஆய்வுகூடத்தில் வால்டரோடு வேலை செய்கிற கேல் ஒரு இரவில் விட்மனின் கவிதையை மனப்பாடமாகச் சொல்கிறான், பிறகு அந்தக் கவிஞனின் புத்தகத்தை வால்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். ஜெஸ்ஸியைக் கொண்டு கேலைக் கொல்ல வைத்தபிறகும் வால்டர் அந்தப் புத்தகத்தை எறியாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறான். அதுதான் வால்டரின் சகலனும் போதைத் தடுப்பு அதிகாரியுமான ஹாங்கின் கையில் கிடைக்கிறது. இவ்வளவு பெரிய குற்றவாளியைப் பிடித்துக்கொடுத்தது ஒரு கவிதைப் புத்தகம்.

2009 இல் ஒரு எபிசோட் முழுப் பாட்டோடு தொடங்கும். ‘லோஸ் குவாட்டெஸ் டி சினலோவா’ என்ற உண்மையான இசைக்குழு, ஹைசன்பர்க்கைப் பற்றி ஸ்பானிய மொழியில் பாடும். கடத்தல்காரர்களைப் புகழ்ந்து பாடுகிற நார்கோகொரிடோ என்ற வகை மெக்சிகோவில் உண்மையாகவே இருக்கிறது. எங்களுடைய பக்கத்திலும் கொள்ளைக்காரர்கள் மேல் கட்டிய கதைப்பாடல்கள் உண்டுதானே, அதனால்தான் அந்தப் பாட்டு எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை. இரண்டாவது சீசனில் நாலு எபிசோடுகளின் தலைப்பை வரிசையாகப் படித்தால் சீசனின் முடிவு, ஆல்பகர்க்கிக்கு மேல் 737 விமானம் விழுவது, முன்கூட்டியே தெரிந்துவிடும். பார்த்து முடிக்கும்வரை எங்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசி எபிசோடுக்கு, 1956 இல் ஜோன் ஃபோர்ட் எடுத்த ‘த சர்ச்சர்ஸ்’ படத்தின் முடிவை மனதில் வைத்திருந்ததாகக் கில்லிகன் சொல்லியிருக்கிறார். அதில் ஜோன் வேயின் பெண்ணைக் கொல்லத்தான் துரத்துவார், கையில் கிடைத்ததும் தூக்கி அணைத்துவிடுவார். வால்டரும் ஜெஸ்ஸியைக் கொல்லும் எண்ணத்தோடுதான் போகிறான், அவன் இருக்கும் கோலத்தைக் கண்டதும் பாய்ந்து அவனைத் தன் உடம்பால் மூடிக்கொள்கிறான். இதைத் தெரிந்துகொண்டபிறகு, முதல் சீசனிலேயே ஜெஸ்ஸியைச் சாகடிக்கத்தான் கில்லிகன் முதலில் நினைத்திருந்தார், ஆரோன் பாலின் நடிப்பைப் பார்த்துத்தான் மனம் மாறினார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கதைக்கு வெளியிலும் அவன் தப்பிப் பிழைத்தவன்தான்.

இதெல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்க வைக்கிறது, வால்டர் கொன்றவர்களின் பழக்கங்கள் வால்டரில் ஒட்டிக்கொள்கிற விதம். முதல் சீசனில் நிலவறையில் கட்டிவைத்த போதை வியாபாரி கிரேசி-8 க்கு, ஓரம் வெட்டிய சாண்ட்விச் கொடுக்கிறான். அவனைக் கொன்றபிறகு வால்டர் தன்னுடைய சாண்ட்விச்சின் ஓரத்தை வெட்டத் தொடங்குகிறான். விஷம் குடித்த கஸ் வாந்தியெடுக்கப் போகும்போது, துவாயை அழகாக மடித்து முழங்காலுக்குக் கீழே வைப்பான். கஸ் செத்து வெகுநாளுக்குப் பிறகு, கீமோவால் வாந்தி வரும்போது வால்டரும் துவாயை மடித்து வைத்துத்தான் முழங்காலிடுகிறான். ஒரு வசனம் கிடையாது. ஒரு ஆளைக் கொன்றால் அவன் போய்விடுவதில்லை, கொன்றவனுடைய கைகளுக்குள் வந்து குடியிருக்கிறான் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன வேறு குற்றத் தொடரை நான் பார்த்ததில்லை.

ஜேன் சாகிற காட்சியை எடுக்கும்போது, அந்த முகத்தில் ஒரு கணம் தன் சொந்த மகளின் முகம் தெரிந்ததாகவும், எடுத்து முடிந்ததும் அழுததாகவும் கிரான்ஸ்டன் சொல்லியிருக்கிறார். வால்டரின் மனைவி ஸ்கைலராக நடித்த ஆனா கன்னுக்கு வேறு விதமான துன்பம். புருஷன் குற்றவாளி என்று சொன்ன பாத்திரத்தை ரசிகர்கள் வெறுத்தார்கள், வெறுப்பு அவரையே குறிவைத்தது, 2013 ஓகஸ்டில் அவர் நியூயோர்க் டைம்ஸில் அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வந்தது. எங்களுடைய வீடுகளிலும் ஸ்கைலரைத் திட்டாத ஆண்கள் குறைவு. நான் அவளுடைய பக்கம். அந்த வீட்டில் ஆபத்தைச் சரியாகக் கணக்குப் போட்டவள் அவள் ஒருத்திதான்.

வால்டர் கோபத்தில் எறிந்து தன் வீட்டுக் கூரையில் விழுந்த பீட்சா பற்றி எல்லோருக்கும் தெரியும், முதல் எறியிலேயே விழுந்தது, பிறகு ரசிகர்கள் அந்த உண்மையான வீட்டுக் கூரைக்குப் பீட்சா எறியத் தொடங்க, 2015 இல் கில்லிகனே நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது. அங்கே அப்போது ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எதையும் எறியாத பழக்கத்துக்குப் பெரிய சாட்சி சோல் குட்மன். ஓடிப்போகும் முன் சோல் வால்டரிடம் சொல்வான், அதிர்ஷ்டம் இருந்தால் ஒமாகாவில் ஒரு சின்னபன் கடையை நடத்திக்கொண்டிருப்பேன் என்று. 2015 பெப்ரவரியில் ‘பெட்டர் கால் சோல்’ தொடங்கும்போது, கறுப்பு வெள்ளையில், ஒமாகாவில், சின்னபன் கடையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. 2009 இல் சோல் முதன்முதலாக வந்த எபிசோடில், வால்டரும் ஜெஸ்ஸியும் முகத்தை மூடிக்கொண்டு அவனைப் பாலைவனத்துக்குக் கடத்திக்கொண்டு போய், வெட்டிய குழிக்கு முன்னால் மண்டியிட வைக்கிறார்கள். பயத்தில் அவன் கத்துகிறான், நானில்லை, இக்னாசியோதான் செய்தான் என்று. பிறகு, உங்களை லாலோ அனுப்பவில்லையா என்று கேட்கிறான். இவர்கள் யார் என்று அந்தத் தொடரில் ஒருபோதும் சொல்லப்படவில்லை. பெட்டர் கால் சோலில் இக்னாசியோ, நாச்சோவாக முதல் சீசனிலேயே வருகிறான். லாலோ, டோனி டால்டனின் அந்தச் சிரிப்போடு 2018 இல் வந்து சேர்கிறான். இரண்டு பெயரையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தார்கள்.

புதிதாகப் பார்க்கப் போகிற ஆக்களுக்கு நான் சொல்வது, இரண்டு தொடரையும் முடித்துவிட்டு அந்த 2009 எபிசோடை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் தடவை பார்த்தபோது வக்கீலின் பயம் எங்களுக்குப் பகிடியாகத்தான் இருந்தது. லாலோ அனுப்பவில்லை என்று தெரிந்ததும், இன்னும் துப்பாக்கிக்கு முன்னால் மண்டியிட்டுக்கொண்டே சோல் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.